திரும்பி வர ஒரு விசா

டெஸ் கார்மடி ஆஸ்திரேலியாவை விட்டு ஒரு முறைகூட வெளியே போனதில்லை. வேறு யாராக இருந்தாலும் இதைக் குறையாகச் சொல்லிக்கொள்வார்கள். டெஸ் மைக் பிடித்துச் சொல்வார். ஆண்டுதோறும் ஜனவரி இருபத்தாறாம் தேதி காலை எங்கள் டெமோரா ஊர்ப் பூங்காவில் புதுக் குடிமக்களுக்கு விழா நடக்கும். மேயர் உறுதிமொழி வாசிக்கவைத்து, ஆளுக்கொரு யூகலிப்டஸ் கன்றைக் கையில் கொடுப்பார். அதற்குள் தகரக் கூரைக்கடியில் தொத்திறைச்சி வாட்டிக்கொண்டிருக்கும் டெஸ், கையில் பிடித்த இடுக்கியோடு மேடைக்கு வந்துவிடுவார். அவரை யாரும் கூப்பிடுவதில்லை. இருபத்து மூன்று வருடமாக யாரும் தடுத்ததும் இல்லை.

"நான் எங்கயும் போனதில்ல. ஏன் போகணும்? உலகமே இங்க வரத்தானே தவியாத் தவிக்குது!" என்பார். பிறகு புதுக் குடிமக்களில் யாரையாவது பிடித்து நிறுத்தி, "உன் பழைய நாடும் நம்ம நாடும் கிரிக்கெட் ஆடினா யாருக்குக் கை தட்டுவே? சத்தமாச் சொல்லு!" என்று கேட்பார். ஒரு வருடம் பிலிப்பைன்ஸிலிருந்து வந்த நர்ஸ் ஒருத்தி, "எங்க ஊர்ல கிரிக்கெட்டே கிடையாதுங்க" என்று கன்றைக் கட்டிப்பிடித்தபடி அழாத குறையாகச் சொன்னாள். டெஸ்ஸுக்கு அதுவும் ஒரு நகைச்சுவையாகத்தான் பட்டது.

நான் பெவ். கசாப்புக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவே இருக்கும் டிராவல்ஸ் என்னுடையது. எல்லோரும் போனிலேயே டிக்கெட் போட்டுக்கொள்ளும் காலத்தில் என் கடை இன்னும் ஓடுகிறதென்றால், போனில் பெயரைத் தப்பாக அடித்தவர்கள் வந்து அழுவதற்கு ஓர் இடம் தேவைப்படுவதால்தான். ஊரில் யார் யாரோடு எங்கே போகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். வாயைத் திறக்க மாட்டேன். இந்தக் கதையைச் சொல்கிறேனே என்றால், இது ஏற்கனவே ஊர் முழுக்கத் தெரிந்த கதை.

டெஸ்ஸின் மனைவி நோலீன் தபால் நிலையத்தில் முப்பத்தொரு வருடமாகக் கவுண்டரில் இருந்தவள். பாஸ்போர்ட் விண்ணப்பம் அங்கேதான் வாங்குவார்கள், போட்டோவும் அங்கேதான் எடுப்பார்கள். "சிரிக்காதே. தாடையை இறக்கு. கண்ணாடியைக் கழட்டு" என்று சொல்லிச் சொல்லியே பாதி ஊரை வெளிநாட்டுக்கு அனுப்பிவைத்திருக்கிறாள். போனவர்கள் அவளுக்கு ஒரு பட அட்டை போடுவது எங்கள் ஊர் வழக்கமாகிவிட்டது. அவள் முதுகுக்குப் பின்னால் சுவர் முழுக்க அட்டைகள், இருநூறுக்குக் குறையாது. அவளிடமும் ஒரு பாஸ்போர்ட் இருந்தது, 1987-இல் எடுத்தது. தேனிலவுக்கு ஃபிஜி போவதாக இருந்தார்கள். கல்யாணத்துக்குப் பதினாறு நாள் முன்னால் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. "உன்னைக் குண்டுக்கு நடுவுல கூட்டிட்டுப் போவேனா நோலி?" என்று டெஸ் டிக்கெட்டை ரத்து செய்தார். தேனிலவு பக்கத்து ஊரான வாகாவில், ஒரு கேரவான் பார்க்கில், மழையில் நடந்தது. அந்தப் பாஸ்போர்ட் ஒரு முத்திரைகூட விழாமல் பத்து வருடத்தில் காலாவதியானது.

அதற்குப் பிறகும் அவள் கேட்காத வருடமில்லை. பாலி என்றாள், கொசு என்றார். இத்தாலி என்றாள், திருடர்கள் என்றார். நியூசிலாந்தாவது போகலாம், மூன்று மணி நேரம்தானே என்றாள். "அங்க என்ன இருக்கு? ஆடும், ஆட்டைக் கட்டிக்கிட்டவனும்தான்" என்றார். இந்த ஆட்டு நகைச்சுவை எங்கள் நாட்டில் எல்லோரும் சொல்வதுதான். டெஸ் மட்டும் அதை ஒரு தொழிலாகவே செய்தார். ஊரில் இருந்த ஒரே நியூசிலாந்துக்காரன் ராவிரி, ஆட்டுக்கு மயிர் வெட்டும் ஒப்பந்தக்காரன். இருபது வருடமாக அவன் மதுக்கடைக்குள் நுழைந்ததும் டெஸ் "மே...ஏ..." என்று கத்துவார். "எப்ப மாப்ளே குடியுரிமை வாங்கப்போறே? ஓசியிலயே காலத்தை ஓட்டிடுவியா?" என்பார். ராவிரி தன் பீரை வாங்கிக்கொண்டு சிரித்துவிட்டுப் போய் உட்காருவான். அந்தச் சிரிப்பின் பொறுமை எனக்கெல்லாம் வராது.

போன ஆகஸ்ட்டில், ஊர்ப் பெரியவர்கள் புல்தரையில் பந்து உருட்டி விளையாடும் பௌலிங் கிளப்பில் நோலீனின் ஓய்வை அறிவித்தார்கள். டெஸ் வழக்கம்போல மைக்கைப் பிடித்தார். "முப்பத்தெட்டு வருஷம் கூட இருந்தவளுக்கு என்ன தர்றது? கேட்டதைத் தர வேண்டியதுதான்!" என்றார். நோலீன் எழுந்து போய் அவர் கையிலிருந்த மைக்கை வாங்கினாள். பையிலிருந்து ஒரு பட அட்டையை எடுத்துத் தூக்கிக் காட்டினாள். "இகுவாசு அருவி. பிரேசில்ல இருக்கு. டெஸ் என்னைக் கூட்டிட்டுப் போறார். எல்லாரும் கேட்டீங்கல்ல?" நூற்றிருபது பேர் கை தட்டினார்கள். டெஸ்ஸும் தட்டினார், முகம் வெள்ளை வெளேரென்று இருந்தது. மகிழ்ச்சி தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். எனக்கு மனிதர்களை எடைபோடத் தெரியும் என்று நான் பீற்றிக்கொள்வதெல்லாம் இந்த லட்சணம்தான்.

மார்ச் ஏழாம் தேதி சிட்னியிலிருந்து கிளம்பி, சான்டியாகோவில் விமானம் மாறி, ரியோ, பிறகு அருவி. இருபத்து நான்கு நாள். இரண்டு இருக்கையும் போட்டுவிட்டேன். ஆஸ்திரேலிய பாஸ்போர்ட்டுக்கு பிரேசில் விசா வேண்டும். அதற்கு முதலில் பாஸ்போர்ட் வேண்டும். நோலீன் தன் விண்ணப்பத்தைத் தன் கவுண்டரிலேயே கொடுத்து, தன் கையாலேயே முத்திரை குத்திக்கொண்டாள். டெஸ்ஸின் விண்ணப்பம் வரவில்லை.

முதல் வாரம் போட்டோவில் தும்மிவிட்டாராம். இரண்டாவது வாரம் தாடி வளர்த்துப் பார்க்கிறாராம். மூன்றாவது வாரம் நாய் விண்ணப்பத்தைத் தின்றுவிட்டதாம். கார்மடி வீட்டு நாய்க்குப் பல்லே இல்லை என்பதை நான் சொல்லவில்லை. "பிறப்புச் சான்றிதழாவது எடுத்துட்டு வா டெஸ்" என்று போனில் கத்தினேன்.

"அது... நான் பொறந்த பிரசவ விடுதி தீப்பிடிச்சு எரிஞ்சுபோச்சு பெவ்."

"எரிஞ்சா கட்டிலும் மெத்தையும்தான் எரியும். பதிவு சிட்னில பத்திரமா இருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள வரல, உன் சீட்டை ரத்து பண்ணிட்டு நோலீனை மட்டும் அனுப்பிடுவேன்."

வெள்ளிக்கிழமை பகல் பதினொன்றரைக்கு வந்தார், தனியாக. கையில் மீன்பிடித் தூண்டில் பெட்டி. கதவைச் சாத்தினார், வெளியே எட்டிப் பார்த்தார், பெட்டியைத் திறந்தார். முள்ளுக்கும் ஈயக் குண்டுக்கும் அடியிலிருந்து நான்காக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து என் மேசையில் வைத்தார்.

டெஸ்மண்ட் ஜான் கார்மடி. பிறந்த ஆண்டு 1957. பிறந்த இடம் டிமாரு, நியூசிலாந்து. தகப்பன் நியூசிலாந்து, தாய் நியூசிலாந்து. தகப்பனார் தொழில், ஆட்டு மயிர் வெட்டுதல்.

நான் சிரித்தேன். அப்படி ஒரு சிரிப்பு எனக்கு எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. கசாப்புக் கடைக்காரர் சுவரைத் தட்டி, "பெவ், என்னாச்சு?" என்று கேட்டார்.

"சிரிக்காதே பெவ். கெஞ்சிக் கேக்கறேன்" என்றார் டெஸ். "பதினோரு மாசக் குழந்தையா தூக்கிட்டு வந்தாங்க. அப்போ பாஸ்போர்ட்டும் கிடையாது ஒண்ணும் கிடையாது, பஸ் ஏறற மாதிரி வந்துட்டாங்க. ஊர்க்காரங்க கேலி பண்ணுவாங்கன்னு அம்மா வாகால பொறந்தவன்னு சொல்லியே வளத்துட்டா. நானும் நம்பிட்டேன். எண்பத்து மூணுல நியூசிலாந்துக்காரனுங்க மயிர் வெட்டற இயந்திரத்துக்கு அகலச் சீப்பைக் கொண்டுவந்து நம்ம ஆளுங்க வேலையைப் பறிக்கறானுங்கன்னு ஊரே கொதிச்சுதே, அப்போ யார் முன்னாடி நின்னு கத்தினது? நான்தான். அதுக்கப்புறம் எப்படிச் சொல்லுவேன்? ஓட்டு வேற போட்டுத் தொலைச்சிருக்கேன். பிடிச்சு உள்ள வெச்சுட்டா?"

"எண்பத்து நாலுக்கு முன்னாடியே வாக்காளர் பட்டியல்ல இருந்தியா? அப்போ உன்னை மாதிரி ஆளுங்களுக்கு ஓட்டு உண்டு. இதைக் கேட்டுத் தெரிஞ்சுக்க ஒரு போன் போதும்."

இத்தனை வருடப் பயம் ஒரு போன் அழைப்புக்குப் பெறாது என்பது டெஸ்ஸுக்குள் இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"இப்போ குடியுரிமை வாங்கிட முடியாதா? சீக்கிரமா, சத்தமில்லாம?"

"ஒரு வருஷம் ஆகும். பரீட்சை மட்டும் உனக்குக் கிடையாது, அறுபது தாண்டினவங்களுக்கு விலக்கு."

"எழுதியிருந்தா நூத்துக்கு நூறு வாங்கியிருப்பேன்."

"ஆமா. நீ எந்த நாட்டுக்காரன்னு கேக்காத வரைக்கும். இதோ பார், மார்ச்சுக்குள்ள கிடைக்கணும்னா நியூசிலாந்து பாஸ்போர்ட் எடு. உனக்குப் பிறப்புரிமை."

"நானா? கறுப்பு பாஸ்போர்ட்டா? என் பொணம் போகும் அதுல!"

"பொணத்துக்கு வேற விண்ணப்பம். இன்னொண்ணு கேளு, சந்தோஷப்படுவே. பிரேசில் நியூசிலாந்துக்காரங்ககிட்ட விசா கேக்கறதில்ல. நோலீனுக்குத்தான் விசா, உனக்கு வேணாம்." நாக்கு நுனியில் இருந்ததை விட எனக்கு மனம் வரவில்லை. "ஆனா திரும்பி வரும்போது சிட்னில உனக்கு விசா போடுவாங்க. அங்கயே, அஞ்சு நிமிஷத்துல. பிரேசிலுக்கு வேணாம் டெஸ், டெமோராவுக்குத்தான் உனக்கு விசா வேணும்."

அவர் தலையைக் கையில் பிடித்துக்கொண்டார். அப்போதும் எனக்கு இரக்கம் வரவில்லை. அந்த நர்ஸ் கன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றது ஞாபகத்துக்கு வந்தது.

"சரி, சரி. என்னென்ன வேணும்?" என்றார் கடைசியில்.

விண்ணப்பத்தைப் படித்தேன். நியூசிலாந்து பாஸ்போர்ட் வைத்திருக்கிற, சொந்தக்காரர் அல்லாத, விண்ணப்பதாரரை ஒரு வருடத்துக்கு மேல் தெரிந்த ஒருவர் 'இவர் இவர்தான்' என்று உறுதி சொல்ல வேண்டும். படித்து முடித்துவிட்டு டெஸ்ஸைப் பார்த்தேன். டெஸ் என்னைப் பார்த்தார். எங்கள் ஊரில் அப்படி ஒருவன்தான் இருக்கிறான்.

"மாட்டேன்" என்றார் டெஸ்.

"யார்கிட்ட மாட்டேன்?" என்று கேட்டுக்கொண்டே நோலீன் உள்ளே வந்தாள். அவளுக்கு மதிய இடைவேளை என்பதை நாங்கள் இருவருமே மறந்துவிட்டோம். டெஸ் காகிதத்தின் மேல் தூண்டில் பெட்டியை வைக்கப் பார்த்தார். முப்பத்தொரு வருடம் கவுண்டரில் காகிதம் பார்த்தவளிடம் அந்த வேலை பலிக்குமா? இழுத்து எடுத்தாள், படித்தாள். நான் எதிர்பார்த்ததற்கு மாறாக அவள் சிரிக்கவில்லை, கத்தவும் இல்லை. காகிதத்தின் அடிப்பகுதியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இது எப்போ வந்துச்சு டெஸ்?"

"எது?"

"இந்தக் காகிதம். முத்திரையில தேதி இருக்கு. ஏப்ரல் 1987."

நான் அதைக் கவனிக்கவே இல்லை. பிறந்த ஊரைப் பார்த்துச் சிரிப்பதிலேயே என் கண் நின்றுவிட்டது.

"ஃபிஜி போக பாஸ்போர்ட் எடுக்கணும்னு அப்போ எழுதிப் போட்டேன் நோலி. சிட்னில என் பேர்ல பதிவே இல்லைன்னுட்டான். அம்மாவைப் போட்டு உலுக்கினேன், அப்பத்தான் சொன்னா. அங்க எழுதி வாங்கினேன்."

"ஃபிஜில ராணுவம் வந்தது மே மாசம்."

டெஸ் தூண்டில் பெட்டியின் மூடியைச் சாத்தினார்.

"ஏப்ரல்லயே உனக்குத் தெரியும், போகப்போறதில்லைன்னு. என்னை நீச்சல் உடுப்பு வரைக்கும் வாங்கவிட்டு வேடிக்கை பார்த்தே. ராணுவம் வரலைன்னா வேற என்ன சொல்லியிருப்பே?"

"ஏதாவது சொல்லியிருப்பேன்" என்றார் டெஸ். அவர் வாழ்க்கையில் சொன்ன ஒரே நேர்மையான வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

"பாலில கொசு. இத்தாலில திருடன். எல்லாம் இந்தக் காகிதமா?"

என் சிரிப்பு எப்போது நின்றதென்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அந்தச் சுவரில் இருந்த இருநூறு அட்டைகளும் கண்முன் வந்தன. மற்றவர்கள் பார்த்த இடங்களை அவள் ஒவ்வொன்றாக ஊசி குத்தி மாட்டிவைத்ததும், இந்த மனிதர் அதற்கு முன்னால் நின்று தபால்தலை வாங்கிப் போனதும். நோலீன் காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே நான்காக மடித்தாள்.

"ராவிரி இன்னிக்கு டொனல்லி பண்ணையில இருக்கான். ஏறு வண்டில" என்றாள்.

'பத்து நிமிடத்தில் வருகிறேன்' என்ற பலகையை மாட்டிவிட்டு நானும் ஏறிக்கொண்டேன். இதை யாராவது விடுவார்களா?

பண்ணைக் கொட்டகையில் ஆறு பேர் வரிசையாகக் குனிந்து மயிர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ராவிரியின் முழங்கால்களுக்கு நடுவே ஓர் ஆடு உட்கார்ந்திருந்தது, நாற்காலியில் சாய்ந்த பெரிய மனுஷி மாதிரி. டெஸ்ஸைக் கண்டதும் அவன் இயந்திரத்தை நிறுத்தினான். மற்றவர்களும் நிறுத்தினார்கள். கொட்டகையில் அவ்வளவு அமைதியை நான் கேட்டதில்லை. அந்த அமைதிக்குள் டெஸ் முணுமுணுவென்று விஷயத்தைச் சொல்லி முடித்தார்.

ராவிரி ஆட்டைப் பார்த்தான். பிறகு டெஸ்ஸைப் பார்த்தான். "டிமாருவா?" என்றான்.

"ம்."

"உன் அப்பா என்ன வேலை பார்த்தார்னு சொன்னே?"

"இதே வேலைதான்."

"அடடா. இத்தனை நாளா சொல்லவே இல்லையே பங்காளி!" கொட்டகையே அதிர்ந்தது. சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்தான். "கையெழுத்துக்கு முன்னாடி ஒரு கேள்வி. நீதான் எல்லாரையும் கேப்பியே, அதே கேள்வி. உன் நாடும் இந்த நாடும் கிரிக்கெட் ஆடினா யாருக்குக் கை தட்டுவே?"

டெஸ் நோலீனைப் பார்த்தார். காப்பாற்றுவாள் என்று நினைத்தார் போலிருக்கிறது.

"சத்தமாச் சொல்லு டெஸ்" என்றாள் அவள்.

டெஸ் சொன்னார். அவர் சொன்ன நாட்டின் பெயர் அன்று சாயங்காலத்துக்குள் மதுக்கடை வரை போய்ச் சேர்ந்துவிட்டது. ராவிரி கையைத் துடைத்துக்கொண்டு தன் பாஸ்போர்ட் எண்ணை எழுதிக்கொடுத்தான். "இருபது வருஷமா தெரியும்னு போட்டுக்கோ பெவ். ஆள் எப்படிப்பட்டவன்னு கேக்கலையே? நல்லவேளை."

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் சில்லறை. டெஸ் வீட்டுக் கம்பி வேலியில் யாரோ நியூசிலாந்து அணியின் கறுப்பு ரக்பி சட்டையைக் கட்டிவிட்டுப் போனார்கள். தபால் பெட்டியில் தினம் ஒரு கிவிப் பழம் இருந்தது. ஊருக்கே போட்டோ எடுத்த நோலீனின் சொந்தப் போட்டோவை பிரேசில்காரர்கள் நிழல் விழுகிறதென்று இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது முறை விசா வந்தது. ஜனவரி இருபத்தாறாம் தேதி டெஸ் மேடைப் பக்கம் வரவில்லை. விழா இருபது நிமிடத்தில் முடிந்தது. இவ்வளவு நல்ல விழா இதுவரை நடந்ததில்லை என்று மேயரே சொன்னார்.

டெஸ்ஸின் கறுப்பு பாஸ்போர்ட் பன்னிரண்டு நாளில் வந்துவிட்டிருந்தது. பார்சலில் கையெழுத்து வாங்கிக் கொடுத்தது நோலீன்தான்.

பிப்ரவரி கடைசியில், ஓய்வு பெற்ற மூன்றாம் நாள், நோலீன் என் கடைக்கு வந்தாள். எதிரில் உட்கார்ந்து ஐந்து பட அட்டைகளை மேசையில் வரிசையாக வைத்தாள். பெரு, பொலிவியா, அர்ஜென்டினாவில் இரண்டு, சிலியில் ஒன்று.

"பன்னிரண்டு நாள் பெவ்" என்றாள். "எழுதிப் போட்டுப் பன்னிரண்டே நாள். நான் முப்பத்தெட்டு வருஷம் கொசுன்னு நம்பினேன்."

தேநீர் போட்டுக் கொடுத்தேன்.

"போற டிக்கெட் அப்படியே இருக்கட்டும். அருவியை அவனோடதான் பார்க்கணும், அது நான் மைக்ல சொன்னது. அவன் திரும்பி வர்ற தேதியும் அப்படியே இருக்கட்டும். என்னுதை மட்டும் ரெண்டு மாசம் தள்ளிப் போடு. இந்த அஞ்சு இடத்தையும் பார்த்துட்டு வரேன்."

"தனியாவா?"

"விசா வாங்கிட்டு வீடு திரும்ப வேண்டியவன் அவன். நான் இந்த ஊர்க்காரி, எப்போ வேணும்னாலும் வருவேன்."

தேதியை மாற்றினேன். இரண்டு டிக்கெட்டும் தனித்தனியாகப் பிரிந்து திரையில் வந்தன. அவள் குனிந்து எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தாள்.

"டெஸ்கிட்ட யார் சொல்றது?" என்று கேட்டேன்.

நோலீன் அட்டைகளைச் சேர்த்துப் பையில் போட்டுக்கொண்டாள். "நான்தான் சொல்லணும். சொல்றேன்" என்றாள். "அருவிகிட்ட நின்னு சொல்றேன். அங்க ரொம்பச் சத்தமாம், அவன் பதில் சொன்னாக் காதுல விழாது."